நாடி 38, ஈசிஜியில் 76: இடம் மாறிப் பிடிபட்ட ஒரு முன்துடிப்பு

அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினேன். 38. அதே நிமிடத்தில் ஈசிஜி திரை 76 என்று காட்டியது. இரண்டில் எதுவும் பொய்யில்லை. இதயம் 76 முறை சுருங்கியது. அதில் பாதி மணிக்கட்டுவரை வந்து சேரவில்லை.

வயது 46. நாள் முழுக்க நின்று வகுப்பெடுக்கும் ஆசிரியை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இல்லை. குடும்பத்தில் யாரும் இளம் வயதில் திடீரென்று இறந்ததில்லை. மயக்கம் வந்ததில்லை. என்னிடம் வரக் காரணம், ஓராண்டாக மாடிப்படி ஏறும்போது இரைத்த மூச்சு. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளாக இருந்த படபடப்பைப் பற்றிச் சொல்வதையே அவர் ஏறக்குறைய விட்டுவிட்டிருந்தார்.

"ஒரு நொடி நெஞ்சுக்குள்ள எதுவுமே இல்லாம போயிடும் டாக்டர். உடனே உள்ளேருந்து யாரோ ஓங்கித் தட்டுற மாதிரி இருக்கும். சொன்னா மனசு சம்பந்தப்பட்டதுன்னு சொல்றாங்க. அதனால சொல்றதையே விட்டுட்டேன்" என்றார்.

இதைவிடத் துல்லியமாக ஒரு முன்துடிப்பை விவரிக்க முடியாது. கீழறையிலிருந்து ஒரு துடிப்பு நேரத்துக்கு முன்பே கிளம்புகிறது. மருத்துவமனைப் பேச்சில் இதற்குப் பிவிசி என்று பெயர். அறை நிரம்புவதற்குள் சுருங்கிவிடுவதால் வெளியே தள்ள ரத்தம் போதாது. அதுதான் அந்த 'எதுவுமே இல்லாத' நொடி. அடுத்து ஒரு நீண்ட இடைவெளி வருகிறது, அறை வழக்கத்தைவிடக் கூடுதலாக நிரம்புகிறது, அதன் பின் வரும் இயல்பான துடிப்பு பலமாக இடிக்கிறது. பலரும் பயப்படுவது அந்த இடிக்குத்தான். ஆனால் இடிப்பது நல்ல துடிப்பு.

இவருக்கு ஒன்று விட்டு ஒன்று முன்துடிப்பாக வந்துகொண்டிருந்தது. விரல்நுனிக் கருவியும் தானியங்கி ரத்த அழுத்தக் கருவியும் நாடியை மட்டும் பார்ப்பதால், இப்படிப்பட்டவர்களுக்கு உண்மையான எண்ணிக்கையில் பாதியைத்தான் காட்டும். ஓரிடத்தில் அந்த எண்ணை நம்பி, துடிப்பு மிகக் குறைவு, பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்றுவரை சொல்லியிருக்கிறார்கள். நாடி குறைவாக இருந்தால் பன்னிரண்டு லீட் ஈசிஜி, அதாவது இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கும் பதிவு, எடுக்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்

பழைய கோப்பை அவர் பத்திரமாக வைத்திருந்தார். முதல் ஹோல்டர் பதிவில் (உடம்பில் மாட்டிய கருவி ஒரு நாள் முழுக்க எடுக்கும் ஈசிஜி) மொத்தம் 1,02,000 துடிப்புகள், அவற்றில் 9,200 முன்துடிப்புகள். ஏறக்குறைய 9%. எக்கோவில், அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்டில், இடது கீழறையின் பம்பிங் அளவு (ஒவ்வொரு சுருக்கத்திலும் அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60%, அதன் விட்டம் 48 மி.மீ. 'பயப்பட ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார்கள். பதற்றத்துக்கு ஒரு மாத்திரையும் கொடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு அந்தப் பதிலில் பெரிய தவறு இல்லை. இதயத்தின் அமைப்பு நன்றாக இருந்து, பம்பிங் சரியாக இருந்து, முன்துடிப்புகள் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அது தீங்கு செய்வதில்லை. எத்தனையோ பேரை நானே இதே வார்த்தைகளைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். என்னை வருத்துவது அந்தச் சீட்டில் இல்லாமல் போன இன்னொரு வரி: 'ஓராண்டு கழித்து எக்கோவும் ஹோல்டரும் மறுபடி எடுக்க வேண்டும்.' 9% என்பது எல்லைக்கு மிக அருகில் நிற்கும் எண். அந்த ஒரு வரி இருந்திருந்தால் இவர் மூச்சிரைப்போடு வந்திருக்க மாட்டார். 'பயப்பட வேண்டாம்' என்பதை 'இனி வர வேண்டாம்' என்று அவர் புரிந்துகொண்டார். அப்படிப் புரிந்துகொண்டது அவர் பிழையில்லை.

இப்போது

புதிய ஹோல்டரில் 24 மணி நேரத்தில் 1,06,400 துடிப்புகள், 28,700 முன்துடிப்புகள். 27%. ஏறக்குறைய எல்லாமே ஒரே வடிவம், அதாவது ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. தொடர்ச்சியாக மூன்றுக்கு மேல் வரவில்லை. ஒரு நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்குப் பிடிப்பதில்லை. இந்தத் துடிப்புகள் நாளுக்கு நாள் பெரிதும் மாறும். ஒரு வாரம் ஒட்டியிருக்கும் பேட்ச் பதிவு வைத்தோம். தினமும் 21 முதல் 30 சதவீதத்துக்குள் ஏறி இறங்கியது.

எக்கோவில் பம்பிங் 42%. விட்டம் 58 மி.மீ. சுவர் முழுதும் ஒரே சீராகச் சோர்ந்திருந்தது. எக்கோ எடுக்கும்போதே ஒன்று விட்டு ஒன்று முன்துடிப்பு வந்தால் இந்த எண்ணை நம்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்தடுத்து இரண்டு இயல்பான துடிப்புகள் வரும் இடத்துக்காகக் காத்திருந்து, இரண்டாவதில் அளக்க வேண்டும். அப்படி அளந்துதான் 42.

அடுத்த கேள்வி முக்கியமானது. முன்துடிப்பால் இதயம் சோர்ந்ததா, சோர்ந்த இதயம் முன்துடிப்பைத் தருகிறதா? கரோனரி சிடியில் அடைப்பு இல்லை. தைராய்டு, பொட்டாசியம், மக்னீசியம் சரியாக இருந்தன. காடோலினியம் செலுத்தி எடுத்த இதய எம்ஆர்ஐயில் தழும்பு எங்கும் இல்லை. வலது கீழறை அளவிலும் அசைவிலும் இயல்பு. இயல்பான துடிப்பின் ஈசிஜியில் வி1 முதல் வி3 வரையிலான மார்பு லீடுகளில் டி அலை (துடிப்பின் கடைசி மேடு) தலைகீழாகவும் இல்லை. வலது கீழறைத் தசை கொழுப்பாகவும் நாராகவும் மாறும் பரம்பரை நோயை இவை அனைத்தும் சேர்ந்து பின்னுக்குத் தள்ளின. தழும்பு தெரிந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

முன்துடிப்பு எப்படி இதயத்தைச் சோர்வடையச் செய்கிறது என்று அவர் கணவர் கேட்டார். வழக்கமான துடிப்பில் மின்சாரம் ஹிஸ்–பர்கின்ஜி இழைகள் வழியே இரு கீழறைகளுக்கும் ஒரே நேரத்தில் பாய்கிறது; இரு சுவர்களும் சேர்ந்து பிழிகின்றன. முன்துடிப்பு ஒரு மூலையில் பிறந்து தசை வழியே மெல்ல ஊர்ந்து பரவுகிறது. ஒரு சுவர் சுருங்கி முடிக்கும்போது எதிர்ச்சுவர் அப்போதுதான் தொடங்குகிறது. துணி பிழியும் இருவரில் ஒருவர் முன்பே முறுக்கிவிட்டால் தண்ணீர் இறங்காது. நான்கில் ஒரு துடிப்பு இப்படி, ஆண்டுக்கணக்கில் நடந்தால் அறை விரிகிறது. 2010-ல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 174 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. முன்துடிப்பு 24 சதவீதத்தைத் தாண்டியவர்களிடம் இந்தச் சோர்வு தெளிவாகக் கூடியிருந்தது. பத்து சதவீத அளவிலும் சிலருக்கு வந்திருந்தது. இதில் நம்பிக்கை தரும் விஷயம், காரணத்தை எடுத்துவிட்டால் இந்த வகைச் சோர்வு பெரும்பாலும் திரும்பிவிடும். தசை செத்துப்போகவில்லை.

மருந்தா, கதீட்டரா

மெட்டோபுரோலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரையை ஏற்கனவே இரண்டு மாதம் சாப்பிட்டிருந்தார். முன்துடிப்பு கொஞ்சம்தான் குறைந்தது. உடல் அசதி நிறையக் கூடியது. முன்துடிப்பை அடக்கும் ஃப்ளெக்கனைடு போன்ற மருந்துகளைப் பம்பிங் குறைந்தவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. அதற்குப் பின்னால் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. காஸ்ட் என்ற ஆய்வின் முதல் முடிவுகள் 1989-ல் வந்தன. மாரடைப்புக்குப் பின் முன்துடிப்பு உள்ளவர்களுக்கு என்கனைடு, ஃப்ளெக்கனைடு கொடுத்தார்கள். முன்துடிப்புகள் அழகாக அடங்கின. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம். எண்ணைக் குறைப்பதே நோயாளியைக் காப்பதாகாது என்று அந்த ஆய்வு எங்கள் துறைக்குக் கற்றுக்கொடுத்தது. அமியோடரோன் இதயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பானது. ஆனால் 46 வயதில் தொடங்கினால் தைராய்டு, நுரையீரல், கல்லீரல் மூன்றையும் ஆயுள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும்.

ஒரே வடிவ முன்துடிப்புதான் தசைச் சோர்வுக்குக் காரணம் என்று தோன்றினால் கதீட்டர் அப்லேஷன் (ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டுவிடுவது) செய்யலாம் என்பதை 2022-ல் வந்த ஐரோப்பிய இதயவியல் கழக வழிகாட்டி முதல்தரப் பரிந்துரையாகவே வைத்திருக்கிறது. அபாயங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தொடையில் ரத்தக்கட்டு, இதயச் சுவரில் துளை விழுந்து உறைக்குள் ரத்தம் தேங்குவது, இது நூற்றில் ஒருவர் அளவில், இடப்பக்கம் போக நேர்ந்தால் பக்கவாதமும் கரோனரித் தமனிக் காயமும், இவை அதைவிட அரிது. முதல் முறையிலேயே போகாமலிருக்கவும் வாய்ப்பு உண்டு.

"பண்ணாம விட்டா?" என்றார் கணவர்.

"பம்பிங் இன்னும் இறங்கத்தான் வாய்ப்பு அதிகம் சார். மருந்தோட கொஞ்ச நாள் பார்க்கலாம்னா அதுக்கும் நான் தயார். ஆனா ரொம்ப நாள் பார்க்க விடமாட்டேன்."

ஒரு வாரம் யோசித்துவிட்டு இருவரும் சேர்ந்தே சம்மதித்தார்கள்.

ஈசிஜியில் நான் தவறவிட்டது

முன்துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அதன் வடிவமே பெரும்பாலும் சொல்லிவிடும். இவருக்கு இடது கிளைத் தடை, அதாவது இதயத்தின் இடது மின்பாதை அடைபட்டது போன்ற வடிவம். இரண்டு, மூன்று, ஏவிஎஃப் லீடுகளில் உயரமான ஆர் அலை (மேல்நோக்கிய கூர்முனை). அதாவது மேலிருந்து கீழாகப் பாய்கிறது. கிளம்பும் இடம் கீழறைகளின் வெளிவழி, ரத்தம் பெருங்குழாய்களுக்குள் ஏறும் வாசல். அந்த வாசல்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கின்றன. வலப்பக்க வெளிவழியின் பின்சுவரும் பெருந்தமனி வால்வின் இதழ்க்குழிகளும் (இதழ்களுக்குப் பின்னுள்ள பள்ளங்கள்) சில மில்லிமீட்டர் தூரத்தில் முதுகோடு முதுகாக இருப்பவை.

மார்பு லீடுகளில் ஆர் அலை, அதைத் தொடரும் கீழ்நோக்கிய எஸ் அலையை மிஞ்சும் இடம் வி4 அல்லது அதற்குப் பின் என்றால் வலப்பக்கம். வி1, வி2 என்றால் இடப்பக்கம். இவருக்கு வி3. நடுவில். அவருடைய இயல்பான துடிப்பிலும் அது வி3-லேயே நடந்தது. இப்படி ஒரே லீடில் அமையும்போது வி2-ல் ஆர் அலையின் பங்கை முன்துடிப்பிலும் இயல்பான துடிப்பிலும் அளந்து வகுத்துப் பார்க்க வேண்டும், 0.6 அல்லது அதற்கு மேல் என்றால் இடப்பக்கச் சந்தேகம் வலுக்கும். இது எனக்குத் தெரியும். அன்று காலை நான் அளக்கவில்லை. இந்த வகை முன்துடிப்புகளில் வலப்பக்கமே அதிகம் என்ற பழக்கத்தில் சிரை வழியாகத் தொடங்கினேன். பின்னர் அளந்தபோது 0.68.

ஆய்வகத்தில்

பீட்டா பிளாக்கரை ஐந்து நாள் முன்பே நிறுத்தியிருந்தோம். மயக்க மருந்தும் மிகக் குறைவாக. ஆழ்ந்து தூங்கவைத்தால் முன்துடிப்பும் தூங்கிவிடும். வராத துடிப்பை எங்கே தேடுவது? அப்படியும் நேர்ந்தது. நாள் முழுக்க ஓயாத துடிப்பு, மேசையில் படுத்ததும் நாற்பது நிமிடம் ஒன்றுகூட வரவில்லை. ஐசோபிரனலின் சொட்டு ஏற்றி இதயத்தை வேகப்படுத்தினோம். அப்போதும் இல்லை. சொட்டை நிறுத்தி, வேகம் இறங்கத் தொடங்கிய பிறகு ஒன்று, பின் மூன்று, பின் பழையபடி வரிசை. உழைப்பு முடிந்து ஓயும்போது தலைகாட்டுவது இந்த இடத்து முன்துடிப்புகளுக்குப் பழக்கம்தான்.

வலது தொடைச் சிரை வழியாக, நுனியில் உப்புநீர் கசியும், அழுத்தத்தை அளக்கும் கதீட்டரை வலது வெளிவழிக்குக் கொண்டுபோய் முப்பரிமாண வரைபடம் எழுதினோம். தேடல் எளிய தர்க்கம்தான்: ஈசிஜியில் முன்துடிப்பு தொடங்குவதற்கு முன்பே எந்தப் புள்ளி மின்னுகிறதோ அங்கேதான் பிறப்பிடம். நல்ல இடத்தில் 25, 30 மில்லி நொடி முன்னதாகத் தெரியும். எனக்குக் கிடைத்தது பின்சுவரில், நுரையீரல் தமனி வால்வுக்குச் சற்றுக் கீழே, 18 மில்லி நொடி. ஒரு புள்ளியாகவும் இல்லை. ஓர் அகலமான திட்டே ஒரே நேரத்தில் மின்னியது. கதீட்டர் நுனி மட்டும் பதியும் ஒருமுனை சிக்னலில் முதலில் ஒரு சிறு மேல்மேடு. அலை இங்கிருந்து விலகிப் போகவில்லை, வேறெங்கிருந்தோ இங்கே வந்துசேர்கிறது என்பதன் அடையாளம் அது. அங்கிருந்து மின்தூண்டல் கொடுத்துப் பார்த்ததில் பன்னிரண்டு லீடில் பத்துதான் அவருடைய முன்துடிப்பின் வடிவத்தோடு பொருந்தின.

மூன்று அறிகுறிகளும் 'இங்கே இல்லை' என்றன. இருந்தும் 30 வாட்டில் சுட்டேன். பதினான்காவது நொடியில் முன்துடிப்பு நின்றது. ஐந்து நிமிடத்தில் திரும்பியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாவது முறை திரும்பியபோது வடிவம் மயிரிழை மாறியிருந்தது. தற்காலிகமாக நிற்பது ஏமாற்றும். வெப்பம் தொலைவிலிருந்து லேசாகத் தொடுகிறது, மூலத்தை எரிக்கவில்லை. இந்த இடத்தில் சூட்டைக் கூட்டி இன்னும் இன்னும் சுடும் ஆசை எல்லோருக்கும் வரும். வெளிவழியின் முன்சுவரும் பக்கச்சுவரும் மெலிந்தவை. கரோனரித் தமனியும் தூரமில்லை. கதீட்டரை எடுத்தேன். கண்விழித்திருந்த அவரிடம், "இந்தப் பக்கம் சரியா கிடைக்கலம்மா. தொடையில இன்னொரு குழாய் போட்டு அடுத்த பக்கம் பார்க்கப் போறேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம்" என்றேன்.

"பாருங்க டாக்டர். எனக்கு வலிக்கல" என்றார்.

தொடைத் தமனி வழியே பெருந்தமனிக்குள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் கொடுத்து, உறைவு நேரத்தை 300 நொடிக்கு மேல் வைத்துக்கொண்டோம். இடது இதழ்க்குழியில் கதீட்டர் நுனி அமர்ந்ததும் திரையில் தெரிந்தது, ஈசிஜிக்கு 34 மில்லி நொடி முன்னதாக ஊசிபோல் ஒரு தனிச் சிக்னல். ஒருமுனைப் பதிவு தொடக்கத்திலிருந்தே நேராகக் கீழிறங்கியது. அறையில் யாரும் பேசவில்லை. பல நூறு முறை பார்த்த காட்சியானாலும் அந்த நொடியில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உடனே சுடவில்லை. இடது கரோனரித் தமனி தொடங்கும் வாய் இதே குழியில்தான் இருக்கிறது. சாயம் செலுத்திப் படம் எடுத்தோம்: நுனிக்கும் தமனி வாய்க்கும் 12 மி.மீ. ஐந்து மி.மீ.க்குள் இருந்திருந்தால் அங்கே சுடாமலேயே வெளியே வந்திருப்பேன். 20 வாட்டில் தொடங்கி 30-க்கு ஏற்றினோம். முதலில் முன்துடிப்புகள் சரசரவென ஏழெட்டு வந்தன. நான்காவது நொடியில் அடங்கின. அறுபது நொடி முடித்து, அதே இடத்தில் இன்னொரு முறை. பிறகு காத்திருப்பு. ஐசோபிரனலின் ஏற்றியும் நிறுத்தியும் 45 நிமிடம். ஒன்றுகூட இல்லை. தமனிப் படம் மறுபடி எடுத்தோம், சுருக்கம் இல்லை. எக்கோவில் இதய உறைக்குள் நீரில்லை.

அதன் பிறகு

தொடையில் உள்ளங்கை அளவு நீலம் பாரித்தது, பத்து நாளில் மறைந்தது. அன்றிரவு மானிட்டரில் வேறு வடிவில் பதினோரு முன்துடிப்புகள் வந்தன. பழையது எதுவும் வரவில்லை. பம்பிங் குறைவுக்கான மருந்துகளைத் தொடர்ந்தோம்.

மூன்றாவது வாரம் பதறிக்கொண்டு வந்தார். "திரும்ப வந்துருச்சு டாக்டர்." ஹோல்டர் போட்டோம். அவர் பொத்தானை அழுத்திய இடங்களில் எல்லாம் இயல்பான துடிப்பு, ஓரிரு இடங்களில் மேலறையின் சாதாரண முன்துடிப்பு. நான்கு ஆண்டுகளாக நெஞ்சுக்குக் காதுகொடுத்தே வாழ்ந்தவர். சும்மா இருக்கும் இதயத்தின் ஓசையே அவருக்குப் புதிதாக இருந்தது. 'மனசு சம்பந்தப்பட்டது' என்ற சொல்லை அவரிடம் இன்னொரு முறை யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பதிவை அவர் முன்னாலேயே ஓடவிட்டு, அவர் அழுத்திய ஒவ்வொரு இடத்தையும் சேர்ந்து பார்த்தோம். அரைமணி நேரம் ஆனது. கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் சில மாதம் இருந்தது.

மூன்றாம் மாத ஹோல்டரில் 98,600 துடிப்புகளில் 310 முன்துடிப்புகள், பம்பிங் 51%. ஆறாம் மாதம் 57%. ஓராண்டில் 58%, விட்டம் 51 மி.மீ. பழைய 48-க்கு முழுதாகத் திரும்பவில்லை. அந்த மூன்று மில்லிமீட்டர் என் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பீட்டா பிளாக்கரை ஆறாம் மாதத்தில் படிப்படியாக நிறுத்தினோம். மற்ற மாத்திரையையும் நிறுத்தலாமா என்று போன முறை கேட்டார். விட்டம் இன்னும் இறங்குகிறதா என்று இன்னொரு ஆண்டு பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன். அடுத்த எக்கோவுக்கும் ஹோல்டருக்கும் தேதி போட்டு, இந்த முறை சீட்டில் பெரிய எழுத்தில் எழுதினேன். அவர் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, கணவருக்கும் அனுப்பிவிட்டு எழுந்தார்.